அப்பா அம்மாவை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வரப் போறீங்களா? மெடிகேர் இலவசம் இல்லை: 2026 செலவுக் கணக்கு முழுசா

நம்ம சேனல்ல அமெரிக்காவுல வேலை பார்க்கிற நண்பர்கள் நிறைய பேர் இருக்கீங்க. சிட்டிசன்ஷிப் வாங்கினதும் உங்கள்ல பலர் யோசிக்கிற முதல் விஷயம், ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு போடுறது. அடுத்த கேள்வி உடனே வரும்: "அவங்க ஆஸ்பத்திரி செலவுக்கு என்ன பண்றது?"

இதுக்கு நாம வழக்கமா கேட்கிற பதில்: "65 வயசு ஆச்சுல்ல? மெடிகேர் இருக்கு, கவலையே இல்ல."

இந்தப் பதில் பாதிதான் சரி. தமிழ்நாட்டுல கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பார்த்துப் பழகின நமக்கு, "அரசு காப்பீடு"ன்னு சொன்னதும் "இலவசம்"னு காதுல விழும். மெடிகேர் அப்படி இல்லை. அதுல மாசப் பிரீமியம் உண்டு, டிடக்டிபிள் உண்டு, உங்க பங்குன்னு 20% உண்டு, லேட்டா சேர்ந்தா அபராதமும் உண்டு. புதுசா வர்ற பெற்றோருக்கு இது எல்லாத்தையும் விட அதிகமா வரும். எவ்வளவுன்னு 2026 கணக்குப்படி ஒவ்வொண்ணா பார்த்துடலாம். வாங்க.

முதல்ல உங்க பே ஸ்டப்பை எடுங்க

அதுல "மெடிகேர்"னு ஒரு வரி இருக்கும். சம்பளத்துல 1.45% அங்க போகுது. அதே அளவு உங்க கம்பெனியும் கட்டுது. மாசம் 10,000 டாலர் சம்பளம்னா, உங்க கையில இருந்து 145 டாலர். ஹெச்-1பி விசாவுல இருந்தாலும் இது பிடிப்பாங்க.

1965-ல ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்து போட்ட சட்டத்துல இருந்து வந்த திட்டம் இது. வேலை செய்யுற காலத்துல வரி கட்டு, 65-க்கு மேல பலன் எடு. அதுதான் அடிப்படை.

இங்கதான் பலரும் குழம்புறாங்க. "நான்தான் பத்து வருஷமா கட்டுறேனே, அது அப்பா அம்மாவுக்கு ஆகாதா?" ஆகாது. நீங்க கட்டுறது உங்க கணக்குலயும், சில விதிகளுக்கு உட்பட்டு உங்க வாழ்க்கைத் துணைக்கும்தான் வேலை செய்யும். பெற்றோருக்கு அவங்களோட சொந்தக் கணக்குதான் பேசும். அப்பா இந்தியாவுல 35 வருஷம் வேலை பார்த்து பி.எஃப். கட்டியிருந்தாலும் அது இங்க எண்ணிக்கையில வராது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல அந்த மாதிரி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது.

ஏ, பி, சி, டி: நாலு எழுத்துல மெடிகேர்

- பார்ட் ஏ: ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுற செலவு.
- பார்ட் பி: டாக்டர் ஃபீஸ், லேப், ஸ்கேன், அட்மிட் ஆகாம எடுக்கிற சிகிச்சை.
- பார்ட் சி: மெடிகேர் அட்வான்டேஜ். ஏ, பி ரெண்டையும் ஒரு தனியார் கம்பெனி சேர்த்துக் கொடுக்கிற பேக்கேஜ். பெரும்பாலும் மருந்தும் உள்ளேயே வரும்.
- பார்ட் டி: மருந்துக் கடையில வாங்குற மாத்திரை மருந்து. இதையும் தனியார் கம்பெனிகள்தான் நடத்துறாங்க, விதிகள் அரசாங்கத்தோடது. 2003-ல சட்டம் வந்து 2006-ல தொடங்கினது.

பல், காது மெஷின், மூக்குக் கண்ணாடி, வீட்டோட வச்சுப் பார்த்துக்கிற நீண்ட காலப் பராமரிப்பு இதெல்லாம் ஏ, பி-ல பொதுவா கிடையாது. இன்னொண்ணு, ஊருக்குப் போயிருக்கும்போது மதுரையில அட்மிட் ஆனா மெடிகேர் பொதுவா ஒரு டாலர் கூட தராது.

முதல் 5 வருஷம்: மெடிகேர் கதவே திறக்காது

அமெரிக்காவுல வேலை பார்த்த கணக்கு இல்லாத கிரீன் கார்டு பெற்றோர், 65 வயசு தாண்டியிருந்தாலும், இங்க தொடர்ச்சியா 5 வருஷம் வசிச்ச பிறகுதான் மெடிகேரைக் காசு கொடுத்து வாங்கவே முடியும். டூரிஸ்ட் விசாவுல வந்து தங்குறவங்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது.

"தொடர்ச்சியா" என்கிற வார்த்தையைக் கவனிங்க. பாதி வருஷம் இங்க, பாதி வருஷம் ஊர்லன்னு இருந்தா, அந்த 5 வருஷக் கணக்கே கேள்விக்குள்ளாகும். கிரீன் கார்டுக்கும் அது நல்லதில்லை.

அப்போ அந்த 5 வருஷத்துக்கு என்ன வழி?

உங்க ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல பெற்றோரைச் சேர்க்கலாமான்னு முதல்ல கேட்டுப் பாருங்க. பெரும்பாலான கம்பெனிகள் மனைவி, கணவன், குழந்தைகளோட நிறுத்திடும். அதனால பலருக்கும் வழி மார்க்கெட்பிளேஸ், அதாவது ஒபாமாகேர் பிளான்தான். கிரீன் கார்டு பெற்றோர் 65-க்கு மேல இருந்தாலும் இதை வாங்கலாம். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருக்குன்னு மறுக்க முடியாது. வயசானவங்களுக்குப் பிரீமியம் அதிகம்தான். மானியம் கிடைக்குமா என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அவங்களை உங்க டாக்ஸ் ரிட்டர்ன்ல டிபெண்டன்ட்டா காட்டினா, உங்க வருமானமும் அந்தக் கணக்குல வந்துடும். அதனால டாக்ஸ் சேமிக்கிறோம்னு அவசரப்பட்டு டிக் அடிக்காதீங்க. ரெண்டு பக்கமும் கணக்கு போட்டுப் பாருங்க.

விசிட்டர் இன்ஷூரன்ஸ் மலிவா இருக்கேன்னு அதை நம்பி அஞ்சு வருஷம் ஓட்டலாம்னு நினைக்காதீங்க. அது சுற்றுலா வர்றவங்களுக்கானது. பழைய நோய்களுக்கான வழக்கமான சிகிச்சையை அந்த மாதிரி பாலிசிகள் பொதுவா ஏத்துக்காது.

பார்ட் ஏ: 40 கிரெடிட் இருந்தா இலவசம், இல்லைன்னா மாசம் 565 டாலர்

"பார்ட் ஏ இலவசம்"னு கூகுள்ல பார்த்திருப்பீங்க. அது 40 கிரெடிட் சேர்த்தவங்களுக்கு. ஒரு வருஷத்துக்கு அதிகபட்சம் 4 கிரெடிட், அதாவது சுமார் 10 வருஷ வேலை. கிரெடிட் இல்லாதவங்களுக்கு 2026 விலை இது:

- 40 அல்லது அதுக்கு மேல: 0
- 30 முதல் 39 வரை: மாசம் 311 டாலர்
- 30-க்குக் கீழ: மாசம் 565 டாலர்

ஒரு ஆளுக்கு மாசம் 565. ரெண்டு பேருக்கு 1,130. வருஷத்துக்கு 13,560 டாலர். இது வெறும் பார்ட் ஏ மட்டும்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். 2026-ல ஒரு கிரெடிட்டுக்கு 1,890 டாலர் சம்பாதிக்கணும். நாலு கிரெடிட்டுக்கு வருஷம் 7,560 டாலர். அதாவது ஒரு பார்ட் டைம் வேலை போதும். அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருத்தர் 40 கிரெடிட் சேர்த்துட்டா, அவங்களுக்கு இலவசம். தகுந்த வயசு வந்ததும் அதே கணக்குல இன்னொருத்தருக்கும் இலவசம்.

55 வயசுல வர்ற பெற்றோருக்கு இது நடக்கக்கூடிய விஷயம். 68 வயசுல வர்றவங்களை வேலைக்குப் போகச் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. ஆக, எந்த வயசுல கூட்டிட்டு வர்றீங்க என்பதே வருஷத்துக்கு 13,560 டாலர் மதிப்புள்ள முடிவு.

பிரீமியம் கட்டினாலும், கட்டாம இலவசமா வந்தாலும், அட்மிட் ஆகும்போது தனிச் செலவு உண்டு. ஒவ்வொரு "பெனிஃபிட் பீரியட்"டுக்கும் முதல்ல 1,736 டாலர் உங்க பொறுப்பு. அதுக்கப்புறம் 60 நாள் வரை ஆஸ்பத்திரி தங்கல் செலவை மெடிகேர் பார்த்துக்கும். 61-வது நாள்ல இருந்து 90 வரை நாளுக்கு 434 டாலர் உங்க பங்கு. பெனிஃபிட் பீரியட்ங்கிறது காலண்டர் வருஷம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி 60 நாள் ஆஸ்பத்திரி பக்கம் போகாம இருந்தா அது முடியும். பிப்ரவரில ஒருமுறை, ஆகஸ்ட்ல ஒருமுறை அட்மிட் ஆனா, 1,736 ரெண்டு தடவை கட்டணும்.

பார்ட் பி: எல்லாருக்கும் பிரீமியம், உச்சவரம்பு இல்லாத 20%

இதுல 40 கிரெடிட் இருக்கிறவங்களும் கட்டணும். 2026-ல மாசம் 202.90 டாலர். வருஷ டிடக்டிபிள் 283 டாலர். அதுக்கு மேல மெடிகேர் ஒத்துக்கிற தொகையில 80% அவங்க, 20% நீங்க.

20% தானேன்னு தோணும். வருஷத்துக்கு 10,000 டாலர் பில்லுக்கு உங்க பங்கு டிடக்டிபிளோட சேர்த்து சுமார் 2,226 டாலர். பரவாயில்லை. அதுவே கீமோதெரபி, டயாலிசிஸ்னு 1,00,000 டாலர் ஆனா? 20,000-க்கும் மேல. சாதாரண மெடிகேர்ல இந்த 20%-க்கு உச்சவரம்பே கிடையாது.

இன்னொரு சந்தேகமும் வரும்: "என் சம்பளம் அதிகம், அதனால அவங்க பிரீமியம் ஏறுமா?" ஏறாது. வருமானம் அதிகமானவங்களுக்குப் பிரீமியம் கூடுறது உண்மை. ஆனா பார்க்கிறது பெற்றோரோட சொந்த டாக்ஸ் ரிட்டர்ன், அதுவும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியுள்ளது. 2026-ல அந்தக் கோடு தனி நபருக்கு 1,09,000, தம்பதிக்கு 2,18,000 டாலர்.

பார்ட் டி: மாத்திரைச் செலவுக்கு இப்போ ஒரு பூட்டு இருக்கு

பல வருஷமா பார்ட் டி-ல "டோனட் ஹோல்"னு ஒரு ஓட்டை இருந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் கவரேஜ், நடுவுல ஒரு பள்ளம், அப்புறம் மறுபடி கவரேஜ். 2022-ல வந்த சட்டம் இதை மாத்திடுச்சு. இப்போ 2026-ல மூணே படிதான்:

1. டிடக்டிபிள்: அதிகபட்சம் 615 டாலர் வரை உங்க செலவு. சில பிளான்ல இது குறைவா இருக்கும்.
2. பங்கு போடுறது: அதுக்கு மேல மருந்து விலையில சுமார் 25% நீங்க.
3. பூட்டு: உங்க பங்கு வருஷத்துக்கு 2,100 டாலரைத் தொட்டதும், மீதி வருஷம் முழுக்க அந்த பிளான்ல உள்ள மருந்துக்கு உங்க செலவு பூஜ்யம்.

இந்த 2,100-ல மாசப் பிரீமியம் சேராது. பிளானோட பட்டியல்ல இல்லாத மருந்தும் சேராது. அதனால பிளான் எடுக்கும்போது "பிரீமியம் எவ்வளவு"ன்னு மட்டும் பார்த்தா பத்தாது. அப்பாவோட மருந்துச் சீட்டை ஒரு கையில, பிளானோட மருந்துப் பட்டியலை இன்னொரு கையில வச்சுத்தான் பார்க்கணும். ஒவ்வொரு மாத்திரையும் இருக்கா, எந்த விலைப் படியில இருக்கு, பக்கத்துல எந்த மருந்துக் கடையில விலை குறைவு. இது மூணும் பார்க்கணும். மெடிகேர் வெப்சைட்லயே மருந்துப் பேரைப் போட்டா, பிளான்களை ஒப்பிட்டு வருஷச் செலவைக் காட்டும்.

நம்ம வீடுகள்ல சர்க்கரை சகஜம். அதுல ரெண்டு நல்ல செய்தி. பிளான்ல உள்ள ஒவ்வொரு இன்சுலினுக்கும் மாசம் 35 டாலருக்கு மேல வாங்கக் கூடாது. ரெண்டாவது, சில விலை அதிகமான மருந்துகளுக்கு அரசாங்கமே கம்பெனிகளோட பேரம் பேசி விலையைக் குறைச்சிருக்கு. முதல் 10 மருந்துகளோட புது விலை 2026 ஜனவரி 1-ல இருந்து அமல். ஜானுவியா 30 நாளுக்குப் பட்டியல் விலை 527 டாலர், பேசின விலை 113. இதயத்துக்கும் ரத்த உறைவுக்கும் தர்ற எலிக்விஸ் 521-ல இருந்து 231. அந்த 113-ம் 231-ம் மருந்தோட மொத்த விலை. அதுல உங்க பங்கு, மேல சொன்ன படிகளைப் பொறுத்தது.

"எதுக்கு இவ்வளவு? ஊர்ல இருந்து மாத்திரை கொண்டு வந்துடலாமே"ன்னு கேட்பீங்க. தினசரி மாத்திரைக்கு அந்த யோசனை சில மாசம் ஓடும். நாளைக்கு திடீர்னு விலை அதிகமான புது மருந்து எழுதினாங்கன்னா சூட்கேஸ் கணக்கு உதவாது. பார்ட் டி எடுக்கிறது அந்த நாளுக்காகத்தான்.

ஜனவரிலயே பெரிய பில் வந்து கையைக் கடிச்சா, அதை மாசத் தவணையா பிரிச்சுக் கட்டுற வசதியும் இப்போ எல்லா பார்ட் டி பிளான்லயும் உண்டு. வட்டி கிடையாது. நாமதான் கேட்டு வாங்கணும்.

அந்த 20% ஓட்டையை எப்படி அடைக்கிறது?

ரெண்டு வழி. ஒண்ணு மெடிகேப்: தனியார் துணைப் பாலிசி, 20%-ஐயும் டிடக்டிபிள்களையும் பெரும்பாலும் அது பார்த்துக்கும். இன்னொண்ணு அட்வான்டேஜ்: பிரீமியம் குறைவு, சிலதுல பூஜ்யம் கூட. நெட்வொர்க்குக்குள்ள உங்க வருஷச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும் (2026-ல அது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது). ஆனா அவங்க நெட்வொர்க் டாக்டர்கிட்டதான் போகணும், பல சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கணும். அட்வான்டேஜ் எடுத்தாலும் பார்ட் பி பிரீமியம் தொடரும்.

ரெண்டுக்குமே பார்ட் ஏ, பி ரெண்டும் கையில இருக்கணும். மெடிகேப்புக்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. 65-க்கு மேல பார்ட் பி தொடங்கின முதல் 6 மாசம், நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அது போச்சுன்னா, பெரும்பாலான மாநிலங்கள்ல உடம்பு நிலையைப் பார்த்துட்டுத்தான் கொடுப்பாங்க.

சரி, மொத்தம் எவ்வளவு?

கிரெடிட் எதுவும் இல்லாத பெற்றோர் ரெண்டு பேர், 5 வருஷம் முடிச்சவங்க. பார்ட் டி பிரீமியம் பிளானுக்கு பிளான் மாறும். கணக்குக்கு மாசம் 39 டாலர்னு வச்சுக்குவோம்.

- பார்ட் ஏ: 565
- பார்ட் பி: 202.90
- பார்ட் டி: 39
- ஒருத்தருக்கு மாசம்: 806.90
- ரெண்டு பேருக்கு மாசம்: 1,613.80
- வருஷத்துக்கு: சுமார் 19,366 டாலர்

இது வெறும் பிரீமியம். மெடிகேப், டிடக்டிபிள், 20% எல்லாம் இதுக்கு மேல. இதே பெற்றோருக்கு 40 கிரெடிட் இருந்தா பிரீமியம் வருஷத்துக்கு சுமார் 5,806 டாலர்தான்.

"பார்ட் ஏ வேண்டாம், பி-யும் டி-யும் மட்டும் எடுக்கலாமா?" சட்டப்படி எடுக்கலாம். ஆனா ஆஸ்பத்திரி அட்மிஷன் பில் அப்படியே உங்க தலையில. அதுக்குப் பதிலா இன்னொரு வழி: பார்ட் ஏ-க்குக் காசு கட்ட வேண்டியவங்க, மெடிகேர்ல சேராம மார்க்கெட்பிளேஸ் பிளான்லயே தொடரலாம். சில குடும்பங்களுக்கு அது மலிவா கூட வரும். ஆனா பின்னாடி மனசு மாறி மெடிகேருக்கு வந்தா, கீழே சொல்ற அபராதம் காத்திருக்கும்.

லேட்டா சேர்ந்தா ஆயுசுக்கும் அபராதம்

தகுதி வர்ற மாசத்தைச் சுத்தி, முன்னாடி 3 மாசம், அந்த மாசம், பின்னாடி 3 மாசம்னு மொத்தம் 7 மாசம் கிடைக்கும். 65 வயசுக்கு அப்புறம் வந்த பெற்றோருக்கு இது 65-வது பிறந்தநாளை வச்சு இல்லை, 5 வருஷம் முடியுற மாசத்தை வச்சு.

- பார்ட் பி: தாமதமான ஒவ்வொரு முழு 12 மாசத்துக்கும் பிரீமியத்துல 10% கூடும். பெரும்பாலும் கடைசி வரைக்கும்.
- பார்ட் டி: தகுதியான மருந்துக் கவரேஜ் இல்லாம தொடர்ந்து 63 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, ஒவ்வொரு மாசத்துக்கும் 1%. 2026 அடிப்படைத் தொகை 38.99 டாலர். 30 மாசம் தாமதம்னா மாசம் 11.70 டாலர் கூடுதல், பார்ட் டி இருக்கிற வரைக்கும்.

"இப்போ மாத்திரையே போடுறதில்லையே, எதுக்கு பார்ட் டி?"ன்னு தள்ளிப்போடுறவங்கதான் இதுல மாட்டுவாங்க.

நீங்க இப்பவே செய்ய வேண்டியது

1. கிரீன் கார்டு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே, முதல் 5 வருஷ மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்தை உங்க மாநிலத்துல விலை பார்த்து பட்ஜெட்ல எழுதுங்க.
2. பெற்றோர் 50-களில் இருந்தா, சீக்கிரம் வர்றதா, வேலை பார்க்க விருப்பமான்னு அவங்ககிட்டயே மனசுவிட்டுப் பேசுங்க.
3. இந்தியாவுல இருக்கிற அவங்க ஹெல்த் பாலிசியை அவசரப்பட்டு நிறுத்தாதீங்க. ஊருக்குப் போகும்போது மெடிகேர் உதவாது. ஒருமுறை விட்டா, அந்த வயசுல புதுசா எடுக்கிறது கஷ்டம்.
4. கிரீன் கார்டு தேதியில இருந்து 4 வருஷம் 9 மாசத்துல ஒரு ரிமைண்டர் போட்டு வைங்க. அந்த 7 மாச ஜன்னல் அங்கதான் திறக்கும்.
5. வருமானம் குறைவான மூத்தவங்களுக்கு மருந்துச் செலவுல "எக்ஸ்ட்ரா ஹெல்ப்"னு ஒரு உதவி இருக்கு. தகுதி இருக்கான்னு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துல கேளுங்க.
6. ஒவ்வொரு மாநிலத்துலயும் "ஷிப்"னு சுருக்கமா சொல்ற இலவச மெடிகேர் ஆலோசனை மையம் இருக்கு. ஏஜென்ட்டுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசுங்க. அவங்க எதையும் விற்க மாட்டாங்க.
7. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை வருஷா வருஷம் மருந்து பிளானை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்க. பட்டியலும் விலையும் மாறிட்டே இருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துட்டு "அப்போ கூட்டிட்டு வரவே வேண்டாமா?"ன்னு கேட்காதீங்க. அது உங்க குடும்ப முடிவு. ஊர்லயே நல்ல பாலிசியோட, தெரிஞ்ச டாக்டர், தெரிஞ்ச தெருன்னு இருக்கிறது சில பெற்றோருக்கு நல்லது. பேரன் பேத்தியோட இங்க இருக்கிறதுதான் சிலருக்கு மருந்து. எதை எடுத்தாலும், அம்மா ஐ.சி.யூ.-ல இருக்கும்போது வெளியில உட்கார்ந்து நீங்க பிரீமியம் கணக்கு போடுற நிலைமை வரக் கூடாது. அந்தக் கணக்கை இன்னைக்கே போட்டுடுங்க.

உங்க பெற்றோர் எந்த வயசுல வந்தாங்க, முதல் 5 வருஷத்தை எப்படி சமாளிச்சீங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்து வர்றவங்களுக்கு உதவியா இருக்கும். அடுத்த பதிவுல சந்திப்போம்.